வரதட்சணை பாக்கியில் ஆரம்பிச்ச ஒரு வாரிசுச் சண்டை

இன்னைக்கு நாம போற இடம் பிரான்ஸின் தெற்கு எல்லை, பிரனே மலையடிவாரம். நம்ம ஆள் காஸ்தோன் ஃபேபுஸ். ஃபுவா, பேயார்ன் ரெண்டு பகுதிக்கும் பிரபு. 1343-ல அப்பா இறந்தப்போ இவருக்கு வயசு 12. நாலே வருஷத்துல, பேயார்ன் கடவுள் எனக்குக் கொடுத்தது, அதுக்காக எந்த ராஜாவுக்கும் நான் தலைவணங்க வேண்டியதில்லைன்னு அறிவிச்சாரு.

1349-ல நவார் அரச குடும்பத்துப் பெண் ஆன்யெஸோட கல்யாணம். ஆனா பேசின வரதட்சணை முழுசா வந்து சேரல. 1362-ல மகன் பிறந்தான், அவன் பேரும் காஸ்தோன்தான். கொஞ்ச நாள்லயே, பாக்கியைக் காரணம் காட்டி மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிட்டாரு. குழந்தையை மட்டும் வச்சுக்கிட்டாரு.

பையன் வளர்ந்து அம்மாவைப் பார்க்க நவார் போறான். அங்க தாய்மாமன், நவார் ராஜா சார்ல்ஸ், ஒரு சின்னப் பையில பொடி கொடுத்தாராம். இதை அப்பா சாப்பாட்டுல தூவு, அம்மா மேல பாசம் திரும்பிடும்னு சொன்னாராம். பை பிடிபட்டது. பொடியை ஒரு நாய்க்குப் போட்டாங்க, நாய் செத்துப்போச்சு. சிறையில பையன் சாப்பிட மறுத்தான். கோபமா வந்த அப்பா கையில சின்னக் கத்தி. கழுத்துல பட்டு மகன் இறந்தான். வருஷம் 1380.

இது ஃப்ருவாசார்ங்கிற எழுத்தாளர் 1388-ல ஓர்த்தெஸ் கோட்டையில கேட்டு எழுதினது, அதாவது எட்டு வருஷம் கழிச்சு. அதனால பொடிக் கதையை அப்படியே நம்ப வேண்டாம். ஆனா சட்டப்படியான ஒரே வாரிசு போயிட்டான்ங்கிறது நிஜம்.

மிச்சம் இருந்தவங்க யார்? கல்யாணத்துக்கு வெளிய பிறந்த மகன்கள், அப்புறம் சித்தப்பாவோட பேரன் மத்தியூ. பங்காளிக்குக் கொடுக்க மனசில்ல. அதனால 1390-ல, தன் காலத்துக்குப் பிறகு சொத்தெல்லாம் பிரெஞ்சு ராஜாவுக்குன்னு ஒப்பந்தம் போட்டாரு. விலை 1 லட்சம் பொற்காசு. யாருக்கும் தலைவணங்காதவர்தான் இதைச் செஞ்சாரு!

1391 ஆகஸ்ட்ல கரடி வேட்டை முடிச்சு, கை கழுவும்போதே சரிஞ்சு விழுந்து இறந்தாரு. உடனே பேயார்ன் பிரதிநிதிகள் ஓர்த்தெஸ்ல கூடினாங்க. ராஜா வேண்டாம், மத்தியூவே போதும்னாங்க. அந்த வருஷமே பணம் கைமாறி ஒப்பந்தம் ரத்தாச்சு. அவர் நேசிச்ச மகன் இவேன், 1393-ல பாரிஸ் அரச நடன விருந்துல தீப்பிடிச்சு, காயத்தால இறந்தான்.

மத்தியூவுக்கும் குழந்தை இல்ல. 1398-ல சொத்து அவர் சகோதரி இசபெல்லுக்குப் போச்சு. அவங்க வம்சத்துல வந்தவர்தான் நாலாம் ஹென்றி. நவாருக்கும் ராஜா, 1589-லேர்ந்து பிரான்ஸுக்கும் ராஜா.

ஒரு பொண்ணை வரதட்சணைக்காக வெளிய அனுப்பினவரோட நிலம், கடைசியில ஒரு பொண்ணு வழியாத்தான் நிலைச்சது. அந்த பாக்கியை மறந்திருந்தா, பையன் அம்மாவைப் பார்க்க மலை தாண்டிப் போயிருக்கவே வேண்டாம்.