உலாவிவழிப் போக்கர்

மென்பொருள் எதையும் பதிவிறக்காமல் இணைய உலாவியிலேயே ஆடும் சீட்டாட்டம். முன்பு ஜாவா, ஃபிளாஷ் செருகுநிரல்கள் இதற்குத் தேவைப்பட்டன. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியபின் எச்டிஎம்எல்5 அந்த இடத்தைப் பிடித்தது.

சீட்டைக் கலைப்பதும் போடுவதும் நிறுவனத்தின் சர்வரில்தான். உலாவி காட்டுவதோடு சரி. ஆகவே ஆட்டத்தின் நேர்மை பெரிதும் சர்வரைப் பொறுத்தது. சர்வரில் ஓட்டை இருக்கலாம் என்பது வெறும் அச்சமல்ல. 1999இல் ஒரு தளத்தின் கலைக்கும் நிரலில் ஓட்டையைக் கண்ட ஆய்வாளர்கள், கையிலுள்ள 2 சீட்டு, மேசையில் விரித்த 3 சீட்டு ஆகியவற்றை வைத்தே மற்ற அனைவரின் சீட்டுகளையும் கணித்துக் காட்டினர்.

பதிவிறக்கம் இல்லையென்பதால் சட்டம் விட்டுவிடாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதை இந்தியாவில் 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது.