பெருந்தீயின் பின் எழுந்த இலண்டனும் தொழிலறமும்

கி. பி. 1666 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2 ஆம் நாள் வைகறைக்கு முன், இலண்டன் மாநகரில் புடிங் லேன் என்னும் ஒடுங்கிய தெருவிலிருந்த பாண் சுடும் மனையொன்றில் தீப் பற்றியது. நான்கு நாட்களுள் ஏறத்தாழ 13,200 வீடுகளும், 87 தேவாலயங்களும், தூய பவுல் பேராலயமும் எரிந்தொழிந்தன. வீடிழந்த மாந்தர் நகர்ப்புறத்து வெளிகளிலே கூடாரமிட்டுத் தங்கினர்.

தீ அடங்கிய சில நாட்களுள்ளேயே கிறித்தோபர் றென்னும் யோன் ஈவ்லினும் அகன்ற வீதிகளையும் எழிலார்ந்த சதுக்கங்களையும் கொண்ட புதுநகர் வரைபடங்களை அரசனிடம் அளித்தனர். அவை நிறைவேறவில்லை. ஒவ்வோரடி நிலத்திற்கும் உரியவர் ஒருவர் இருந்தார்; அவர்க்கு ஈடு செய்யப் போதிய பணம் எவரிடமும் இல்லை. ஆதலின், நகர் பெரும்பாலும் பழைய தெருக்களின் வழியே மீண்டும் எழவேண்டியதாயிற்று. அங்ஙனம் எழுந்தமைக்குப் பெருஞ்சிற்பிகளின் கனவினும் நீதிபதி, நில அளவையாளர், கொத்தர் முதலியோரின் ஒழுக்கமே மிகுதியும் துணைநின்றது எனலாம்.

முதற்கண் எழுந்த வினா, வீட்டை மீளக் கட்டும் பொறுப்பு யாருடையது என்பதாகும். அக்காலக் குத்தகை முறிகள் பலவற்றின்படி, வீடு எரிந்த பின்னும் குடியிருந்தவரே வாடகை செலுத்தவும் வீட்டைத் திருத்திக் கொடுக்கவும் கடமைப்பட்டிருந்தார். சட்டத்தின் எழுத்தை அப்படியே பின்பற்றின், உடைமையெல்லாம் இழந்தவர் கடனாளியாகிச் சிறைபுக நேரும். நிலமும் வெறுமையாய்க் கிடக்கும். எனவே 1667 ஆம் ஆண்டு பாராளுமன்றம் தீ நீதிமன்றத்தை நிறுவியது. வழக்கமான நடைமுறைகளால் தாமதமுறாது வழக்குகளை விசாரிக்கவும், வாடகையைக் குறைக்கவும், கட்ட முன்வருவோர்க்குக் குத்தகைக் காலத்தை நீட்டிக் கொடுக்கவும் அம்மன்றம் அதிகாரம் பெற்றது. மத்தேயு ஏல் முதலிய நீதியரசர் ஊதியம் எதுவும் பெறாது அங்கு அமர்ந்தனர். ஏறத்தாழ 1,500 வழக்குகளில் நட்டத்தை இருதிறத்தாரும் பகிர்ந்துகொள்ளுமாறு அவர்கள் வழிசெய்தனர்.

அடுத்து, நில அளவையாளர் பணி நோக்கற்பாலது. சாம்பல் மூடிய நிலத்தில் அயலவர் எல்லையை ஓரடி தள்ளி முளையடித்தாலும் ஒருவர் செல்வராவார், மற்றவர் இழப்புறுவார். இப்பணிக்கு இராபட்டு ஊக்கு, பீற்றர் மில்சு, யோன் ஒலிவர் ஆகியோர் அமர்த்தப்பட்டனர். கட்ட விரும்புவோர் 6 சிலிங் 8 பென்சு கட்டணத்தை நகர மண்டபத்தில் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற்ற பின்னரே அத்திவாரம் அளந்து கொடுக்கப்பட்டது. இவ்வாறு அளக்கப்பட்ட அத்திவாரங்கள் 8,000 க்கும் மேற்பட்டன. அளப்பவர் கையில் அக்கட்டணம் நேரே சேராதிருந்தமை ஐயத்திற்கு இடம் குறைத்தது. நேர்மையைத் தனிமனிதர் குணமாக மட்டும் கொள்ளாது, பணியின் முறையிலேயே அமைத்தமை இதன் சிறப்பாகும்.

கைவினைஞர் திறத்தும் சட்டம் கருத்தூன்றிற்று. நகரத் தொழிற் சங்கங்களின் தனியுரிமை தளர்த்தப்பட்டது. வெளியூர்த் தச்சரும் கொத்தரும் வந்து தொழில் செய்யலாயினர். ஏழாண்டு அங்ஙனம் உழைத்தோர் வாழ்நாள் முழுவதும் அவ்வுரிமையைத் துய்க்கலாம் எனவும் விதிக்கப்பட்டது. செங்கல்லுக்கு அளவிறந்த விலையோ, வேலைக்கு அளவிறந்த கூலியோ கேட்கப்படின் அதனை வரையறுக்க நீதிபதிகளுக்கு அதிகாரம் இருந்தது. பிறர் துயரைத் தம் ஆதாயமாக்குதல் தகாதென்னும் கொள்கை இவ்விதிகளிற் புலனாகின்றது.

ஆயினும், இவ்வரலாற்றிற்கு இருண்ட பக்கமொன்றும் உண்டு. தீ மூண்ட அதே ஆண்டு ஒக்டோபரில், தானே தீ வைத்ததாகக் கூறிய உரோபேர் உபேர் என்னும் பிரெஞ்சுக்காரன் தூக்கிலிடப்பட்டான். அவன் கூற்றுக்கள் முன்பின் முரணாயிருந்தன. அவன் குற்றவாளியெனத் தாம் நம்பவில்லையெனத் தலைமை நீதியரசரே அரசனிடம் கூறினார். எனினும் நடுவர் குழு குற்றவாளியென்றது, தண்டனையும் நிறைவேறிற்று. தீ மூண்டபோது அவன் இலண்டனில் இருக்கவேயில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. வாடகை வழக்குகளில் சட்டத்தின் எழுத்தை நெகிழ்த்தி நீதி காணப்பட்டது. உயிர் வழக்கிலோ ஐயமிருந்தும் ஒருவரும் தடுத்திலர். மக்கள் சினமும் அச்சமும் மேலோங்கிய வேளையில், அறிந்த உண்மையைத் தனியே உரைத்தல் மட்டும் போதாது. அதன் பொருட்டு உறுதியாய் நிற்றலும் தொழிலறத்தின் பாற்படும்.

தீ நீதிமன்றத்தில் அமர்ந்த நீதியரசர் இருபத்திருவரின் உருவங்களை ஓவியர் யோன் மைக்கேல் இறைற்றைக்கொண்டு வரைவித்து, நகரத்தார் நன்றியோடு தம் மண்டபத்திற் றூக்கினர். அதே நகரத்தார் தீயின் நினைவுத்தூணிலே கத்தோலிக்கர்மீது பழிசுமத்தும் வாசகமொன்றை 1681 ஆம் ஆண்டு பொறித்தனர். அப்பொய் இறுதியாக நீக்கப்பட்டது 1830 ஆம் ஆண்டிலேயாம். எரிந்த வீடுகளிற் பெரும்பாலானவற்றைச் சில ஆண்டுகளுட் கட்டி முடித்த நகருக்கு, ஒரு பழிச்சொல்லை அழித்தற்கு ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.