காஞ்சனபுரியில் ஒரு வரலாற்றுப் பாடம்

காஞ்சனபுரி என்னும் பெயர் தமிழர் செவிக்கு அயலானதன்று. பொன்னகரம் என்பது அதன் பொருள். தாய்லாந்திலுள்ள அந்நகருக்கு மலேசியாவிலிருந்து வரலாற்றுச் சுற்றுலாவாகச் செல்லும் மாணவர் முதற்கண் தேடுவது குவாய் ஆற்றுப் பாலத்தையே. 1957-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் செய்த வேலை அது. அப்படம் எடுக்கப்பட்டதோ இலங்கையில்!

பாலத்தை விட்டு ஊருக்குள் வந்தால் போர்க் கல்லறைத் தோட்டம். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என ஏறத்தாழ 7,000 பேர் அங்கே துயில்கின்றனர். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சில கற்களில் தாயோ மனைவியோ எழுதித் தந்த ஓரிரு சொற்கள். இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று வயதைப் படித்துச் செல்லும் பதினாறு வயது மாணவன், தன் அண்ணனை நினைத்துக் கொள்வான். பின்னர், "ஐயா, நம்மவர் கல்லறை எங்கே?" என்று கேட்பான். அக்கேள்விக்காகவே ஆசிரியர் அவனை அங்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் அமைத்த இருப்புப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் இரு முனைகளும் கூடியதோடு முடிந்தது. போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ கைதிகளினும் இரு மடங்குக்கு மேல். அவருள் மாண்டோர் 80,000 முதல் 100,000 வரை என மதிப்பிடுவர். மதிப்பிடத்தான் இயலும், எண்ணி வைத்தவர் எவருமிலர்.

மலாயாவிலிருந்து சென்றவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போரால் ரப்பர் வாணிகம் நின்றது. வேலையும் அரிசியும் அருகின. கூலியும் உணவும் உண்டென்று ஆசை காட்டி முதலில் அழைத்தனர். போனவர் திரும்பாமையால் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பின்னர்க் கட்டாயமாகப் பிடித்துச் சரக்கு வண்டிகளில் ஏற்றினர். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. படைவீரரிடையே மருத்துவர் இருந்தனர். இறந்தோர் பெயரைக் காவலர் அறியாமல் குறித்து வைத்த அதிகாரிகளும் இருந்தனர். போர் முடிந்தபின் காட்டுப் புதைகுழிகளைத் தேடிக் காண அக்குறிப்புகளே உதவின. தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவருமில்லை, குறிப்பெழுதுவாருமில்லை. ஒரே குழியில் பலர் புதைக்கப்பட்டனர், சிலர் எரிக்கப்பட்டனர். தோட்டத்து லயத்தில் காத்திருந்த மனைவிக்கு இறப்புச் செய்தியும் வரவில்லை.

பாலத்தருகே 1944-இல் சப்பானியப் படையினர் எழுப்பிய நினைவுத் தூண் ஒன்றுண்டு. அதிலுள்ள பல மொழிக் கல்வெட்டுகளுள் தமிழும் ஒன்று. அழைத்துச் சென்று சாகவிட்டவர்களே இரங்கற் கல்லில் தமிழையும் வெட்டினர்! தமிழர் முயற்சியால் அந்நகரின் பௌத்தக் கோயில் வளாகமொன்றில் நடுகல் எழுந்தது 2023-இல்.

சுற்றுலாவுக்குப் புறப்படுமுன், தம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் எவரெவர் என வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வருமாறு மாணவரைப் பணிக்கலாம். ஒருவர் தாளில் முழுப்பெயர் இருக்கும். மற்றொருவர் தாளில் 'பெரிய தாத்தா' என்பது மட்டுமே இருக்கும். அந்நடுகல்லின் முன் நின்று இரண்டையும் உரக்கப் படிக்கட்டும்.