அலெக்சாந்திரியா நூலகம்: தேடலிலிருந்து ஆய்வுக்கு

அலெக்சாந்திரியா நூலகத்தை எரித்தவர் யார் என்று இணையத்தில் வினவினால் கணப்பொழுதில் விடைகள் வந்து குவிகின்றன. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நூல்களைக் குளியலகங்களுக்கு எரிபொருளாக அனுப்பினார்கள் என்றும், அவை ஆறு மாதம் எரிந்தன என்றும் ஒரு சாரார் எழுதுகின்றனர். இது கிறித்தவர்கள் இட்டுக்கட்டிய பொய் என்று நம்மவர் மறுக்கின்றனர். இரண்டிலும் நமக்கு உவப்பானதை எடுத்துக்கொள்வதோடு தேடல் முடிந்துவிடுகிறது. நூறு பக்கங்கள் கூறும் செய்தி ஒரே பக்கத்தின் நூறு படிகளாகவும் இருக்கலாம். இதை முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த ஹதீஸ் கலை அறிஞர்களின் வழிவந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. வரலாற்றுச் செய்திகளில் மட்டும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

அலெக்சாந்திரியா முஸ்லிம்கள் வசமானது கி.பி. 642இல். அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த எகிப்தியப் பேராயர் நிகியு யோவான் வெற்றியாளர்களைக் கடுமையாகச் சாடியவர். நூலகம் எரிந்ததாக அவர் எழுதவில்லை. 9ஆம் நூற்றாண்டின் இப்னு அப்தில் ஹகமும் பலாதுரியும் எகிப்து வெற்றியை விரிவாக எழுதியும் இதைக் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ கி.பி. 1200இல் எகிப்து சென்ற அப்துல் லத்தீஃப் அல்பக்தாதியின் நூலில்தான் போகிற போக்கில் ஒரு வரியாக இது தலைகாட்டுகிறது. கதையை முழுமையாகத் தருபவர் 1248இல் காலமான இப்னுல் கிஃப்தி. அவருக்குப் பின் சிரியக் கிறித்தவ அறிஞர் பார் ஹெப்ரேயஸ் அதைத் தம் அரபு வரலாற்றில் சேர்த்தார். 1663இல் ஆக்ஸ்ஃபோர்டில் போகாக் வெளியிட்ட இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியே ஐரோப்பா அதை அறிந்தது.

ஆக, நிகழ்ச்சிக்கும் முதல் குறிப்புக்கும் இடையே ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. அம்ரிடம் நூல்களைக் கேட்டதாகச் சொல்லப்படும் யோவான் ஃபிலோப்பொனஸ் ஆறாம் நூற்றாண்டினர்; வெற்றிக்குப் பல பத்தாண்டுகள் முன்பே மறைந்தவர். கிப்பன் 1788இலேயே ஐயுற்றார். 1902இல் ஆல்ஃபிரெட் பட்லர் இச்சான்றுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுக் கதையைத் தள்ளினார். இவ்விருவரும் முஸ்லிம்கள் அல்லர் என்பது கருதத்தக்கது.

இதே ஆய்வு நம்மவர் மறுப்பையும் விட்டுவைப்பதில்லை. முதலில் எழுதிய இருவரும் முஸ்லிம்கள்! கிறித்தவச் சதி என்று எழுதுவோர் பார் ஹெப்ரேயஸோடு நின்றுவிட்டனர்; இன்னும் ஒரு படி பின்னே சென்றிருந்தால் அச்சொல்லை எழுதியிருக்கமாட்டார்கள். நமக்குச் சாதகமான முடிவு கிட்டியதும் தேடலை நிறுத்திவிடுவதே இங்கு நேர்ந்தது.

அப்படியாயின் முஸ்லிம் அறிஞர்கள் இதை ஏன் எழுதினர்? 1171இல் ஃபாத்திமிய ஆட்சியை முடித்த ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில் கெய்ரோவின் பெரும் நூலகம் விற்றுக் கலைக்கப்பட்டது. அச்செயலுக்கு முன்னுதாரணம் காட்டவே இக்கதை எழுந்திருக்கலாம் என்பது பெர்னார்ட் லூயிஸின் கருத்து. அது ஊகமே, அதற்கும் நேரடிச் சான்று இல்லை.