முகத்திற் பாயும் மின்னல்

1677ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். பாரிசு நகரில் ஆங்கிலத் தூதுவரின் மனைவியாக வாழ்ந்த நோதம்பலாந்துச் சீமாட்டியை முகத்தின் ஒரு பாதியிலே தாங்கொணா வலி பற்றிக்கொண்டது. பல்லில் எழுந்த வலியென்று எண்ணிப் பற்களைப் பிடுங்கினார்கள். வலியோ சிறிதும் குறையவில்லை. அப்பொழுது அந்நகரில் தங்கியிருந்த ஆங்கிலேயர் ஒருவர் அழைக்கப்பட்டார். பிற்காலத்தில் தத்துவஞானியாக உலகப் புகழ் பெற்ற ஜோன் லொக் என்பவரே அவர். மருத்துவமும் கற்றிருந்த லொக், நோயாளியின் அருகிலிருந்து கண்டவற்றை இலண்டனிலிருந்த வைத்திய நண்பருக்குக் கடிதமாக எழுதினார். திடீரென நெருப்பு மின்னலொன்று கன்னத்திற் பாய்கிறது; சீமாட்டி அலறுகிறார்; வாய் ஒரு பக்கமாக இழுபடுகிறது; சிறிது நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. பேச வாய் திறந்தாலும், ஈற்றை விரலால் தொட்டாலும் மீண்டும் அதே மின்னல்.

லொக் பேதி மருந்து கொடுத்தார். வலி தணிந்தது. ஆயினும் அதன் பெருமை பேதி மருந்துக்கு உரியதென்று கொள்வதற்கில்லை. இந்நோய் சில வாரங்கள் வாட்டிவிட்டுப் பல மாதங்கள் தானாகவே மறைந்திருக்கும் இயல்புடையது. அக்காலத்தில் எத்தனையோ மருந்துகள் நற்பெயர் பெற்றமைக்கு இவ்வியல்பே காரணமாயிற்று.

நோய்க்கு முதலிற் பெயர் சூட்டியவர் பிரான்சு நாட்டுச் சத்திரவைத்தியர் நிக்கொலா ஆந்திரே. 1756ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் பெரும்பாலும் சிறுநீர்வழி நோய்களைப் பற்றியது. முகவலியைத் தேடி அந்நூலை எடுப்பார் எவருமிலர். அதனுள்ளேதான் 'வலிமிகு துடிப்பு' என்ற பொருள்படும் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. 1773ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜோன் பொதர்கில் இன்னும் தெளிவாக நோயை விவரித்தார். முதியோரையே, அவர்களுள்ளும் பெண்களையே இது பெரிதும் பற்றுகிறது. கால் நிமிடமோ அரை நிமிடமோ நீடிக்கிறது. உண்ணும்போதும் பேசும்போதும் மெல்லிய தொடுகையிலும் எழுகிறது என்று அவர் குறித்தவை இன்றும் பிழைபடவில்லை. ஆனால் காரணத்தைத் தேடியபோது அவரும் வழி தவறினார். புற்றுநோயோடு தொடர்புடையதென ஐயுற்று, நச்சுப் பூண்டு ஒன்றின் சாற்றை மருந்தாக்கினார்.

வலி உண்மையானது என்று அறிந்தும் அது எந்த நரம்பிலிருந்து எழுகிறது என்று அறியாத காலம் அது. முகத்தை அசைக்கும் நரம்பொன்று, முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு வேறொன்று. இவ்வேறுபாட்டைச் சாள்ஸ் பெல் 1821ஆம் ஆண்டு தொடக்கம் தம் ஆய்வுகளால் விளக்குவதற்கு முன்னர், சத்திரவைத்தியர் சிலர் அசைவு நரம்பையே வெட்டினர். நோயாளியின் முகம் ஒரு புறம் தொய்ந்து வீழ்ந்தது. வலி மட்டும் இருந்தபடியே இருந்தது. மயக்கமருந்து இல்லாத நாளில் அக்கத்தியை ஏற்க முன்வந்தவர்கள் எத்தகைய துன்பத்தில் இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

உணர்ச்சி நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து, நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்றாகவும், கன்னத்துக்கும் மேற்றாடைக்கும் ஒன்றாகவும், கீழ்த்தாடைக்கு ஒன்றாகவும் செல்கிறது. ஆதலின் அதனை முக்கிளை நரம்பு என்பர். கீழிரு கிளைகளிலேயே வலி மிகுதியும் தோன்றுவதால், நோயாளி பல்லைச் சுட்டிக் காட்டுவது இயல்பே.

சரியான நரம்பு தெரிந்தபின் அதனை அழிக்கும் முயற்சிகள் பெருகின. 1890ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் றோஸ் கபாலத்தின் அடியிலுள்ள நரம்பு முடிச்சையே அகற்றினார். 1901ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் பிறேசியர், ஸ்பில்லர் என்னும் இருவர் முடிச்சுக்குப் பின்னுள்ள வேரை வெட்டும் முறையைக் கண்டனர். வலி நீங்கியது; அதற்கு விலையும் இருந்தது. பாதி முகம் மரத்துப் போயிற்று. கன்னத்துள் தங்கிய உணவு தெரியாது. கண்ணில் விழுந்த தூசி தெரியாது. அதனாற் கருவிழி புண்பட்டோரும் உளர். ஆயினும் வலியை அறிந்தவர்களுட் பலர் அவ்விலையைக் கொடுக்கத் தயங்கவில்லை.

பொல்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வோல்ற்றர் டாண்டி வேறு வழியிற் சென்றார். காதுக்குப் பின்புறமாகக் கபாலத்தைத் திறந்து, நரம்பு மூளையை விட்டுப் புறப்படும் இடத்திலேயே வேரை வெட்டினார். அவ்விடத்தில் அவர் கண்டது எதிர்பாராதது. பலருக்கு இரத்தக் குழாயொன்று நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. 1934ஆம் ஆண்டில், 215 நோயாளரிடம் கண்டவற்றைத் தொகுத்து, நோயின் காரணம் இதுவாகலாமென எழுதினார். அக்கருத்துக்கு அன்று பெரும் வரவேற்பில்லை. அவ்வாழத்தில் டாண்டி கண்டதை மற்றவர்கள் வெறுங்கண்ணாற் காண்பது எளிதன்று.

நுணுக்குக்காட்டி சத்திரசிகிச்சைக்கு வந்த பின்னரே அக்கருத்து உயிர்பெற்றது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பயிற்சி பெற்றுவந்த பீற்றர் ஜனெற்றா, பல்மருத்துவ மாணவருக்காக உடற்கூறு ஒன்றை அறுத்து ஆயத்தஞ் செய்கையில், நரம்பை நாடியொன்று அழுத்துவதைக் கண்டார். பல் பிடுங்குதலோடு தொடங்கிய வரலாற்றில் பல்மருத்துவ வகுப்புக்கும் ஓரிடம் கிடைத்தது. 1966ஆம் ஆண்டில் அவர் நரம்பை வெட்டாமல், நாடியை மட்டும் விலக்கி வைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். வயது ஏற ஏற நாடி நீண்டு வளைகிறது. அதன் துடிப்பு நரம்பின் கொழுப்புறையைத் தேய்க்கிறது. உறை தேய்ந்த இடத்தில், மெல்லிய தொடுகையின் செய்தி வலியின் செய்தியாக மாறிவிடுகிறது. மூத்த வைத்தியர் பலர் இதனை நெடுங்காலம் ஏற்கவில்லை. 1996ஆம் ஆண்டில் 1,185 நோயாளரைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. சிகிச்சைக்குப் பத்தாண்டுகள் கழிந்தும் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பேர் மருந்தின்றியே வலி நீங்கியிருந்தனர். எனினும், நாடி நரம்பைத் தொட்டும் வலியற்றோர் உளர். தொடாமலே வலியுற்றோரும் உளர். கட்டியாலோ நரம்புறையைச் சிதைக்கும் வேறு நோயாலோ இவ்வலி எழுவதுமுண்டு. இதனாலேயே இன்று எம். ஆர். ஐ. படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கத்திக்கு முன் நாடப்படுவது மருந்தே. 1853ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர் துரூசோ, திடீரென வந்து திடீரென மறையும் இவ்வலியைக் காக்கைவலிப்புக்கு ஒப்பிட்டார். ஒப்புமை நன்றென்று கூறி உலகம் அதனை மறந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்று, 1942ஆம் ஆண்டில் வலிப்பு மருந்தொன்று முகவலிக்குக் கொடுக்கப்பட்டுப் பயன் தந்தது. 1962ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த புளொம் என்பவர் காபமசெபீன் என்னும் மருந்தின் நற்பயனை அறிவித்தார். இன்றும் முதலில் எழுதிக் கொடுக்கப்படுவது அதுவே. சாதாரண வலிமாத்திரைகள் அணுக முடியாத வலியைப் பெரும்பாலோரிடத்தில் இம்மருந்து சில நாட்களில் அடக்குகிறது. ஆனால் சிறிது சிறிதாகவே அளவை உயர்த்தவேண்டும். தலைசுற்றும் உறக்கமும் வரலாம். இரத்தத்தில் உப்புக் குறையலாம். தோலிற் செந்தடிப்புக் கண்டால் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். ஆண்டுகள் செல்லச் சிலருக்கு மருந்தின் வலிமை குன்றும். அப்போதுதான் சத்திரசிகிச்சையைப் பற்றிய பேச்சு எழுகிறது.

நோதம்பலாந்துச் சீமாட்டிக்கு நேர்ந்தது இன்றும் நேர்கிறது. முகம் கழுவவும் பல் துலக்கவும் அஞ்சும் நோயாளி முதலில் நாடுவது பல் வைத்தியரையே. பற்சொத்தை தரும் வலி மணிக்கணக்கில் நின்று குடையும்; வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் கூடும். முக்கிளை நரம்பின் வலியோ சில வினாடிகளில் வந்து போய்விடும். குளிர்காற்று கன்னத்திற் பட்டாலும் எழும். இவ்வேறுபாட்டைக் கேட்டறியுமுன்னரே ஒன்று, பின்னர் அதன் அயலிலுள்ளது, பின்னர் இன்னொன்று என நல்ல பற்களை இழந்தபின் நரம்பு வைத்தியரிடம் வந்துசேர்வோர் இன்றும் உளர்.