மரத்தால் ஒரு வானொலிக் கோபுரம்



மரம் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டால், நம்ம பாடாலூர்ப் பக்கத்து ஆட்கள் சாத்தனூரைத்தான் கை காட்டுவோம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம் ஒன்று அங்கே கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. ஆனால் கல்லாகாமல், மரமாகவே 1935 முதல் நிமிர்ந்து நிற்கிற ஒரு வானொலிக் கோபுரம் போலந்து நாட்டில் இருக்கிறது. அதன் கதையை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர் பெயர் கிளிவிட்ஸே. அப்போது அது ஜெர்மனியைச் சேர்ந்த எல்லை நகரம். ஜெர்மானியர்கள் கிளைவிட்ஸ் என்றார்கள். கோபுரத்தின் உயரம் சுமார் 110 மீட்டர். நம்ம திருச்சி மலைக்கோட்டையே சுமார் 83 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பிசின் நிறைந்த லார்ச் மரத்தால் கட்டியது. ஓர் இரும்பு ஆணி கிடையாது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பித்தளை போல்ட்டுகளே அதைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன.

"இரும்பு இல்லாத நாடா அது? எதுக்கு மரம்?" என்று கேட்கலாம். காரணம் இயற்பியல்தான். ராத்திரியில் தூரத்து ஸ்டேஷன் கேட்டவர்களுக்குத் தெரியும், சத்தம் ஏறும், இறங்கும். தரையை ஒட்டி வரும் அலையும், வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் கோளாறு அது. ஆண்டெனாக் கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் சுற்றிலும் இரும்புக் கோபுரம் இருந்தால், அந்த இரும்பிலும் மின்னோட்டம் பாய்ந்து ஒலிபரப்பைக் கெடுத்துவிடும். மரத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே மரக் கோபுரம் கட்டி, அதன் நடுவில் கம்பியைத் தொங்கவிட்டார்கள். அந்நாளில் ஜெர்மனியில் இப்படிப் பல கோபுரங்கள் எழுந்தன.

இனி 1939-க்கு வருவோம். அவ்வாண்டு மே 16-ஆம் தேதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. 1995 வரை திருச்சி மாவட்டத்திலேயே இருந்த நமக்கு அது சொந்த நிலையம் அல்லவா! பாட்டும் செய்தியும் அதன் வழியே நம் வீடு தேடி வந்தன. மூன்றரை மாதம் கழித்து, ஆகஸ்ட் 31 மாலையில், கிளைவிட்ஸ் நிலையத்தில் நடந்ததோ வேறு.

ஆல்ஃபிரட் நௌயோக்ஸ் என்பவன் தலைமையில் ஹிட்லரின் எஸ்.எஸ். படை ஆட்கள் சிலர், போலந்துக்காரர்கள் போல் நடித்து நிலையத்துக்குள் புகுந்தார்கள். அது பிரெஸ்லாவ் நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்யும் நிலையம். முறையான ஒலிபரப்பு அறை அங்கில்லை. இடி மின்னலால் ஒலிபரப்பு தடைபட்டால் அறிவிக்க வைத்திருந்த மைக்கைக் கண்டுபிடித்து, போலிஷ் மொழியில் சில வாக்கியங்கள் பேசினார்கள். போலந்து நம்மைத் தாக்கிவிட்டது என்று ஜெர்மானிய மக்கள் நம்ப வேண்டும், அவ்வளவுதான்!

நாடகத்துக்குச் சாட்சியாக ஒரு பிணமும் தேவைப்பட்டது. போலந்தின்பால் பற்றுக் கொண்ட உள்ளூர்வாசி பிரான்சிஷேக் ஹோனியோக்கை முந்தின நாளே கைது செய்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கொண்டுவந்து, அங்கேயே பலியாக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிவதற்குள் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. இரண்டாம் உலகப் போர் ஆரம்பம். உண்மையை நௌயோக்ஸே ஒப்புக்கொண்டு, 1945 நவம்பரில் நியூரம்பெர்க் விசாரணைக்கு வாக்குமூலம் எழுதிக்கொடுத்தான். அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் மாண்டுபோயிருந்தார்கள்.

கோபுரமோ தப்பிவிட்டது. அதைவிட உயரமான, 190 மீட்டர் முல்ஆக்கர் மரக் கோபுரத்தைப் போரின் கடைசியில், 1945 ஏப்ரலில், ஜெர்மன் படையே வெடிவைத்துத் தகர்த்தது. கிளிவிட்ஸே போருக்குப் பின் போலந்தின் ஊரானது. பிறகு வெளிநாட்டு வானொலி மக்கள் காதில் விழாதபடி இரைச்சல் கிளப்பவும் இதே கோபுரம் பயன்பட்டது. 2002-இல் நகராட்சி அதை வாங்கியது. இன்று அந்த வளாகம் அருங்காட்சியகம்.

மரத்தின் மேல் குற்றமில்லை, கம்பியின் மேலும் குற்றமில்லை. மைக் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்று படிக்கும் தம்பி, தங்கைகளின் சட்டைப் பையிலும் கைப்பையிலும் ஆளுக்கொரு ஒலிபரப்பு நிலையமே இருக்கிறது. ஒரு சேதி வந்ததும் அடுத்தவருக்குத் தட்டிவிடுமுன், "இதைச் சொல்றது யாரு? இதனால யாருக்கு லாபம்?" என்று ஒரு நிமிடம் கேளுங்கள். ஹோனியோக்கின் பெயரை நினைவில் வைத்துக் கேளுங்கள்.