பழைய லேப்டாப், பழைய கம்பைலர்: தூக்கிப் போடும் முன்னாடி இதைப் படிங்க!

அக்கா ப்ளஸ் டூ படிச்சப்போ கிடைச்ச அரசு லேப்டாப், இப்போ உங்க கைக்கு வந்திருக்கு. காலேஜ்ல கொடுத்த சி++ புரோகிராமை டைப் பண்ணி கம்பைல் பண்றீங்க. திரை முழுக்க எரர். சரி, கம்பைலரை அப்டேட் பண்ணலாம்னு பார்த்தா '404 நாட் ஃபவுண்ட்' என்று வரிசையா வருது. "இது அவ்வளவுதான், புதுசு வாங்கிடு" என்பார்கள் நண்பர்கள். ஆனா வேடசந்தூரிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் தினமும் பஸ் ஏறி திண்டுக்கல் காலேஜுக்கு வர்ற ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அது லேசான செலவா?

நல்ல செய்தி என்னன்னா, உங்க லேப்டாப் கெட்டுப்போகலை. உள்ளே இருக்கிற சாஃப்ட்வேருக்குத்தான் வயசாகிடுச்சு.

ஏன் இப்படி?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இதற்கு அடித்தளம், டெபியன் லினக்ஸ்.

டெபியனில் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். ஒவ்வொன்றோடும் ஜிசிசி கம்பைலரின் ஒரு வெர்ஷன் வரும். 2013-ல் வந்த டெபியன் 7-ல் ஜிசிசி 4.7. 2015-ன் டெபியன் 8-ல் 4.9. 2019-ன் டெபியன் 10-ல் 8.3. 2023-ன் டெபியன் 12-ல் 12.2. அந்தப் பதிப்பின் ஆயுள் முழுக்க பிழைத்திருத்தம் மட்டும்தான் வரும், கம்பைலர் மாறாது. அதனால டெபியன் 7-ல் உட்கார்ந்துகிட்டு எத்தனை முறை அப்டேட் கொடுத்தாலும் ஜிசிசி 12 வரப்போறதில்லை.

அப்போ அந்த 404? ஒரு பதிப்பின் ஆயுள் முடிஞ்சதும் அதன் பேக்கேஜ்களை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து, ஆர்க்கைவ் சர்வருக்கு மாற்றிடுவாங்க. உங்க லேப்டாப் இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டு இருக்கு.

முதல்ல மூணு செக்

தேதி: வருஷக்கணக்கில் சும்மா கிடந்த லேப்டாப்பில், கடிகாரத்துக்கான குட்டி பேட்டரி தீர்ந்து, தேதி பல வருஷம் பின்னாடி போயிருக்கலாம். தேதி தப்பா இருந்தா பாதுகாப்பான வெப்சைட்கள் திறக்காது, அப்டேட்டும் மக்கர் பண்ணும். முதல்ல இதைச் சரிபண்ணுங்க.

வெர்ஷன்: டெர்மினலில் ஜிசிசி என்று அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனோடு வெர்ஷன் என்று சேர்த்து அடிங்க. வரும் எண்ணை மேலே இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டா, எந்தக் காலத்து சிஸ்டம்னு தெரிஞ்சிடும்.

பிராசசர்: 64 பிட்டா, 32 பிட்டா? 2025-ல் வந்த டெபியன் 13, 32 பிட் கம்ப்யூட்டருக்கான இன்ஸ்டாலரை நிறுத்திடுச்சு. 32 பிட்னா டெபியன் 12 வரைதான்.

வழி 1: ஆப்ஷனை மாத்துங்க

சி++ மொழிக்கு 2011, 2014, 2017 என்று புதுப்புது விதிகள் வந்தன. ஜிசிசி 4.7-க்கு 2011 விதிகளில் பெரும்பகுதி தெரியும். ஆனா நாம கேட்டாத்தான் பயன்படுத்தும். கம்பைல் பண்ணும்போது 'எஸ்டிடி' ஆப்ஷனில் சி++11 என்று குறிப்பிடுங்க. பல எரர்கள் அதிலேயே காணாமப் போயிடும். ஜிசிசி 6-ல் இருந்து 2014 விதிகளும், 11-ல் இருந்து 2017 விதிகளும் தானாகவே அமலில் இருக்கும். நண்பரோட லேப்டாப்பில் ஓடுற அதே புரோகிராம் உங்ககிட்ட மட்டும் அடம்பிடிக்க இதுதான் காரணம். லூப், அர்ரே, கிளாஸ் கத்துக்க இந்தப் பழைய கம்பைலரே தாராளம்.

வழி 2: முகவரியை மாத்துங்க

பேக்கேஜ் சர்வர் முகவரிகள் 'சோர்ஸஸ் லிஸ்ட்' என்ற ஃபைலில் இருக்கும். முதல்ல அதை ஒரு காப்பி எடுத்து வைங்க. பிறகு, உங்க சிஸ்டத்தோட அதே டெபியன் பதிப்புக்கான ஆர்க்கைவ் முகவரியைக் கொடுங்க. விட்டுப்போன பேக்கேஜ்கள் கிடைக்கும். ஆனா அவையும் அந்தக் காலத்துச் சரக்குதான். புது செக்யூரிட்டி திருத்தம் எதுவும் வராது.

இதை மட்டும் பண்ணாதீங்க!

புது டெபியனின் முகவரியைப் பழைய சிஸ்டத்தில் சேர்த்து, கம்பைலரை மட்டும் இழுக்கப் பார்க்காதீங்க. புது ஜிசிசி, 'லிப்சி' என்ற அடிப்படை லைப்ரரியின் புது வெர்ஷனைக் கேட்கும். கம்ப்யூட்டரில் ஏறக்குறைய எல்லா புரோகிராமும் நிற்பது அது மேலதான். அது பாதியில் சிக்கினா டெர்மினல்கூட திறக்காது. திண்டுக்கல்காரங்களுக்குச் சொல்லணுமா என்ன? பழைய பூட்டில் புதுச் சாவியைச் சுத்தியலால் அடிச்சு ஏத்தினா, கதவு திறக்காது, பூட்டுதான் போகும்.

சோர்ஸிலிருந்து நாமே ஜிசிசியை பில்ட் பண்ணலாமே? பண்ணலாம். ஆனா 2 ஜிபி ராம் மெஷினில் மணிக்கணக்கில் ஓடும். படிப்படியாகவும் ஏறணும்: ஜிசிசி 11-ஐ பில்ட் பண்ணவே குறைஞ்சது 4.8 தேவை. முயற்சி பண்றவங்க தனி ஃபோல்டரில் இன்ஸ்டால் பண்ணுங்க, பழைய கம்பைலரை அழிக்காதீங்க.

வழி 3: சிஸ்டத்தையே மாத்துங்க

நெட், பேங்க் ஆப், காலேஜ் போர்ட்டல் எல்லாம் இதே லேப்டாப்பில்தான்னா, இதுதான் சரியான வழி. அக்காவோட பழைய போட்டோ, சர்ட்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாத்தையும் முதல்ல வெளியே காப்பி எடுங்க. ஒரு பென் டிரைவில் டெபியன் லைவ் பதிப்பை ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாருங்க. வைஃபை, கீபோர்டு, சவுண்டு வேலை செஞ்சா தைரியமா இன்ஸ்டால் பண்ணலாம். டிஸ்க்கில் எந்தப் பகுதியை அழிக்கிறோம்னு ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துட்டு ஓகே கொடுங்க. ராம் குறைவுன்னா எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி மாதிரி லேசான டெஸ்க்டாப் போதும். ராஸ்பெரி பை வச்சிருக்கவங்களுக்கு இன்னும் ஈஸி; புது மெமரி கார்டில் புது சிஸ்டத்தை ஏத்தி, பழைய கார்டை அப்படியே பத்திரமா வச்சுக்கலாம்.

நாளைக்கே அசைன்மென்ட் கொடுக்கணுமா? வழி 1. செமஸ்டர் லீவா? வழி 3. ரெண்டுமே ஒத்துவரலைன்னா, அப்புறம் புதுசு வாங்குறதைப் பத்தி வீட்டில் பேசிக்கலாம்.